தொகுக்கத் தெரியாதவர் தொகுத்த இருபத்துமூவர்

2027 ஆசியக் கோப்பைக்கு இந்தியக் கால்பந்து அணி தகுதி பெறவில்லை. 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்றதோடு அந்தக் கதவு அடைபட்டது. அன்று தொட்டு அன்பர்கள் பலர் ஒரு பழம்பெருமையைப் பாடி வருகின்றனர். "2019 அணியைப் போல வருமா? தாய்லாந்தை 4-1 என வென்ற அணியல்லவா? ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் தேர்ந்தெடுத்த விதமே விதம்" என்பது அப்பாட்டின் பல்லவி. துடியலூர்த் தேநீர்க்கடை ஒன்றில் நண்பர் ஒருவர் இதையே சொல்லக் கேட்டு, ஆறிய தேநீரை முன்வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வழக்காடினோம். கடையில் சொல்லி முடியாதது இங்கே தொடர்கிறது.

இலக்கியம் பேசுமிடத்தில் பந்துக்கு என்ன வேலை என்பீர்கள். அணித்தேர்வும் ஒரு தொகுப்புக்கலைதான். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்பர். அவர் கையில் கிடைத்த ஒரு பாட்டுக்குப் பாடியவர் பெயர் தெரியவில்லை. ஊரும் தெரியவில்லை. ஆயினும் பாட்டு நன்றாயிருந்தது. பாட்டில் வரும் தொடரையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் என்று இப்படிப் பலர் அத்தொகையில் உண்டு. அரசவையில் அறிமுகமான புலவர் பாட்டு மட்டும் போதும் என்று தொகுத்திருந்தால் இன்று நமக்கு எவ்வளவு போயிருக்கும்! தொகுப்பவனுக்கு வேண்டிய முதல் தகுதி, தன் வீட்டுப் பரணில் இல்லாத ஏட்டையும் தேடிப் போய்ப் படிப்பது.

அந்தத் தகுதி 2019-க்கான தேர்வில் இருந்ததா? அப்போது நாட்டில் இரண்டு போட்டித்தொடர்கள் அருகருகே நடந்தன. ஒன்று 2007-இல் தொடங்கிய ஐ-லீக். மற்றொன்று 2014-இல் நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் புடைசூழ வந்த இந்தியன் சூப்பர் லீக். ஜனவரி 2019-இல் ஐக்கிய அரபு அமீரகத்துக்குச் சென்ற இருபத்துமூவரில் இருபத்திருவர் சூப்பர் லீக் அணிகளைச் சேர்ந்தவர்கள். ஐ-லீக்கிலிருந்து சென்றவர் ஈஸ்ட் பெங்கால் அணியின் சலாம் ரஞ்சன் சிங் ஒருவரே. பதினோரு அணிகள் ஆடிய ஒரு தொடரிலிருந்து ஒரே ஓர் ஆள்!

அதே பருவத்தில் அந்த ஐ-லீக்கில் முன்னணியில் இருந்த அணி எங்கே ஆடிக்கொண்டிருந்தது தெரியுமா? கோவை நேரு விளையாட்டரங்கில். பெயர் சென்னை சிட்டி. பெயரில் சென்னை, வாழ்வு கோவை. (இதில் ஒரு சிறுகதை இருக்கிறது, வேறொரு நாள்.) 2017-18 முதல் அது நம்மூர் அணி. அவ்வணியிலிருந்து தேசிய அணிக்குச் சென்றவர் எண்ணிக்கை சுழியம். சென்னையின் சூப்பர் லீக் அணியான சென்னையின் எஃப்.சி.யிலிருந்து சென்றவர்களோ மூவர். அந்தப் பருவ முடிவில் சென்னையின் எஃப்.சி. பத்து அணிகளில் பத்தாவதாக, 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளோடு நின்றது. சென்னை சிட்டி ஐ-லீக் வாகையராக நின்றது. ஒரே மாநிலத்தில் கடைசிக்கு மூன்று, முதலுக்கு ஒன்றுமில்லை.

நேர்மையாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம். அம்மூவரில் அனிருத் தாபாவும் ஜெஜெ லால்பெக்லுவாவும் தாய்லாந்துக்கு எதிராக ஆளுக்கொரு கோல் அடித்தவர்கள். அவர்கள் தேர்வைக் குறை கூற நமக்கு வாயில்லை. மூன்றாமவர் இளைஞர், தம்மைத் தாமே அவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளவில்லை. சென்னையின் எஃப்.சி. முந்தைய பருவத்தின் வாகையர் என்பதும் உண்மை. அவர்கள் சென்றதில் நமக்கு வழக்கில்லை. கோவைக்கு வந்து பார்த்துவிட்டு, எடைபோட்டு, "இவர்கள் போதாது" என்று தள்ளியிருந்தால் வாயடைத்துப் போயிருப்போம்.

நண்பர் அன்று கேட்ட கேள்வி கூர்மையானது. "சென்னை சிட்டியின் கோல்களை அடித்தது யார்? பெட்ரோ மான்சியும் பிற ஸ்பானியர்களும்தானே? அவர்களை இந்திய அணியில் சேர்க்க முடியுமா?" மான்சி அப்பருவத்தில் 21 கோல் அடித்தார் என்பதை யார் மறுத்தார்? ஆனால் 2019 மார்ச் 9 அன்று நண்பர் அரங்கில் இல்லை, நாம் இருந்தோம். மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் சாலையில் பேருந்தேறிப் போயிருந்தோம். ஈஸ்ட் பெங்கால் ஒரு புள்ளி பின்னால். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருக்கிறது. வென்றே தீர வேண்டும். மினர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே ஒரு கோல் போட்டு அரங்கத்தின் வாயை அடைத்தது. இரண்டாம் பாதியில் மான்சி ஒரு பெனால்டியை அடித்துச் சமன் செய்தார். மீதி இரண்டும்? கௌரவ் போரா. அசாமிலிருந்து வந்த தற்காப்பு ஆட்டக்காரர். 3-1. வாகை சூட்டிய ஆட்டத்தின் மூன்று கோலில் இரண்டு இந்தியனுடையவை, நண்பரே.

அவரோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித்குமார், ரொமாரியோ ஜேசுராஜ் ஆகியோரும் அவ்வணியில் இருந்தனர். இவர்கள் மூவரையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் சூப்பர் லீக் அணிகள் வாங்கிக்கொண்டன. முதலாளிகளின் முகவர்கள் கோவைக்கு வழி கண்டுபிடித்தார்கள். தேசியத் தேர்வாளர்களால் முடியவில்லை என்றால் அதற்கு என்ன பெயர்? குமரிக் கடற்கரையிலிருந்து வந்து 2017-18-இல் கோவையில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் கதையும் இதுதான். ஆசியக் கோப்பைப் பட்டியலில் அவர் இல்லை. ஐந்தே மாதத்தில், பயிற்சியாளர் மாறியதும், கிங்ஸ் கோப்பை அணியில் இருந்தார். ஆட்டம் மாறவில்லை, பார்த்த கண் மாறியது.

தமிழன் ஒருவனும் இல்லையே என்ற புலம்பலாக இதை யாரும் படித்துவிட வேண்டாம். போரா தமிழரல்லர். ஐஸ்வாலிலும் ஸ்ரீநகரிலும் ஆடியவர்களும் நம்மவர்களைப் போலவே பார்க்கப்படாமல் போனவர்கள்தாம்.

இனி அந்தப் புகழ்பெற்ற அணியின் முடிவு. 2019 ஜனவரி 14. கொங்கு நாட்டில் அன்று காப்புக்கட்டு. வாசலில் பூளைப்பூவும் ஆவாரையும் வேப்பிலையும் செருகிவிட்டு, இரவு ஷார்ஜா ஆட்டத்தின் முன் அமர்ந்தோம். பஹ்ரைனோடு சமன் செய்தால் அடுத்த சுற்று. அன்று தாபாவை உட்காரவைத்துவிட்டு ரௌலின் போர்ஜசை இறக்கினார் பயிற்சியாளர். தலைவர் பட்டையைச் சேத்ரியிடம் தராமல் பிரணாய் ஹால்தர் கையில் கட்டினார். தொண்ணூறு நிமிடம் தாங்கினார்கள். அதன்பின் ஹால்தர் செய்த தவற்றுக்கு ஒரு பெனால்டி. 0-1. பிரிவில் நான்காமிடம். அன்றிரவே கான்ஸ்டன்டைன் பதவி விலகினார். தாய்லாந்து 4-1-ஐப் பாடுகிறவர்கள் இந்த இரவைப் பாடுவதில்லை. இருபத்துமூவரில் எத்தனை பேரைப் பயிற்சியாளரே நம்பினார் என்பதை அந்த மூன்று ஆட்டங்களில் களமிறங்கியவர்களை எண்ணிப் பார்த்தால் தெரியும். உட்கார்ந்தே திரும்பியவர்கள் இடத்தில் கோவையிலிருந்து ஒருவரை உட்காரவைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

பயிற்சியாளரை மட்டும் சாடுவது எளிது. அவரும் ஒரு பரணைக் காட்டி "இதற்குள் தேடு" என்று சொல்லப்பட்டவரே என்பது நம் எண்ணம். 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, ஐ.எம்.ஜி.-ரிலையன்சோடு 15 ஆண்டுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் செய்தது. அதிலிருந்து பிறந்ததே சூப்பர் லீக். அதன்பின் எந்தத் தொடர் ஒளியில், எது இருளில் என்பது எழுதாமலே எழுதப்பட்டது. ஒன்றே ஒன்று போதும்: 2018-19-இல் ஆசியக் கோப்பைக்காகச் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டது, ஐ-லீக் ஆட்டங்கள் ஜனவரியிலும் நடந்துகொண்டிருந்தன. நிறுத்த என்ன தேவை? அங்கிருந்து போக வேண்டியவர் ஒருவர்தானே!

அந்தப் பட்டியல் வெளியான மறுநாள், நம் கல்லூரி அணியில் வலப்பக்கத் தற்காப்பு ஆடிய மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்து வந்து நின்றான். "ஏனுங்கய்யா, நேரு ஸ்டேடியத்துல ஆடறவங்களையே பாக்க மாட்டாங்கன்னா, எங்களையெல்லாம் யாருங்கய்யா பாப்பாங்க?" அன்று நாம் திருக்குறளில் தெரிந்து தெளிதல் அதிகாரம் நடத்தியிருந்தோம். அவனுக்குச் சொல்ல அதிலிருந்தும் ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த பருவத்தில் அவன் பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டான்.

பிறகு நடந்தவை நகைப்புக்குரியன. 2022 ஜூனில் ஆப்கானிஸ்தான் ஆட்டத்திற்குமுன், ஆடவிருந்த வீரர் பட்டியல் சோதிடர் ஒருவருக்கு அனுப்பப்பட்டது என்று 2023 செப்டம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் செய்தி வெளியிட்டது. ஐ-லீக் ஆட்டம் பார்க்க நேரமில்லாத நாட்டில் கோள் பார்க்க நேரமிருந்திருக்கிறது. 2024 ஜனவரியில் கத்தாரில் கோள் துணை வந்ததோ இல்லையோ, கோல் வரவில்லை: ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. அவ்வாண்டு ஜூனில் சேத்ரி ஓய்வு பெற்றார். 2025 மார்ச்சில், நாற்பது வயதில், அவரையே திரும்ப அழைத்தார்கள். அவர் பெருவீரர்; நாம் தலைவணங்குகிறோம். ஆனால் 140 கோடி பேர் நாட்டில் முன்கள ஆட்டக்காரன் ஒருவனைத் தேடிக் களைத்தவர்கள், எங்கெங்கே தேடினார்கள் என்று ஒரு கணக்குக் காட்டட்டுமே.

சென்னை சிட்டி 2020-21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீக்கில் இல்லை. அந்த மாணவன் கணபதியில் லேத் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறான். ஞாயிறு காலைகளில் இன்னும் ஆடுகிறான். வலப்பக்கத் தற்காப்புதான்.