எண் பெரிதா? கண் பெரிதா?

மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



"கேமரா வாங்கப் போகிறேன்" என்று வகுப்பில் சொன்னதும் எழுந்த முதல் கேள்வி, "எத்தனை மெகாபிக்ஸல்?" இரண்டாவது கேள்வி, "எத்தனை எக்ஸ் ஜூம்?" ஒரே ஒரு தோழி மட்டும் மூன்றாவதாகக் கேட்டாள்: "எதுக்குடி உனக்குக் கேமரா?"

முதல் இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது. மூன்றாவதுக்கு இல்லை. அதற்காக நான் கொடுத்த விலை 4,200 ரூபாய். அந்தக் கதையைத்தான் இந்த ஆண்டு மலரில் எழுத வந்திருக்கிறேன். என் பணம் போனது போகட்டும், உங்கள் பணமாவது மிஞ்சட்டும்!

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா எட்டாம் வகுப்பு. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். ஆனால் அப்பாவுக்கு ஒரு தொழில் தெரியும். ஸ்டுடியோவில் லைட் பிடிக்கும் பையனாகச் சேர்ந்து, பிறகு ஒரு பழைய பென்டாக்ஸ் கே1000 வாங்கி, சொந்தமாகச் சின்னக் கடை வைத்தார். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் பிலிம் ரோல்தான். டிஜிட்டல் வந்தது. கம்ப்யூட்டர், பிரிண்டர், புதுக் கேமரா என்று கணக்குப் போட்டால் லட்சத்தைத் தாண்டியது. 2009-ல் கடையை மூடினார். இப்போது அரிசி ஆலையில் வேலை. "பணம்கூடப் புரட்டியிருப்பேன் பாப்பா. கம்ப்யூட்டரைப் பார்த்துப் பயந்துட்டேன். படிப்பு இல்லைல்ல" என்பார். அந்த வார்த்தை எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

பீரோவில் தூங்கிய அந்தக் கேமராவில்தான் நான் படம் எடுக்கப் பழகினேன். வருடத்துக்கு ஒரு ரோல், பொங்கலுக்கு. 5 வருடத்தில் 5 ரோல். ரோலுக்கு 36 வீதம் மொத்தம் 180 படம். பிறகு ரோல் விலை எங்கள் கைக்கு எட்டாமல் போனது. கழுவிக் கொடுக்கவும் பக்கத்து ஊர்களில் ஆள் இல்லை. ஊட்டியில் 1960-ல் தொடங்கி 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையே மூடிக் கிடக்கிறது. டிஜிட்டல் கேமராவை 1975-ல் முதன்முதலில் செய்து பார்த்ததே கோடாக் கம்பெனியின் இன்ஜினியர்தான். அதே கோடாக் 2012-ல் திவால் மனு கொடுத்தது. கம்பெனிக்கே அந்த நிலை என்றால் என் அப்பா எந்த மூலைக்கு?

ஆகவே, 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் என் கணக்குக்கு மாதம் ஆயிரம் வந்ததைச் சேர்த்து வைத்தேன். அப்பா கையில் ஒரு டிஜிட்டல் ஜூம் கேமராவைக் கொடுக்க வேண்டும். "படிப்பு இருக்குப்பா, நான் சொல்லித் தர்றேன்" என்று சொல்ல வேண்டும். ஆசை அவ்வளவுதான்!

இணையத்தில் தேடினேன். "48 மெகாபிக்ஸல், 16 எக்ஸ் ஜூம்" என்று கொட்டை எழுத்தில் ஒன்று. விலை 4,200. இதைவிட என்ன வேண்டும்? வாங்கிவிட்டேன். பெட்டியைப் பிரித்து, அதில் இருந்த ஆங்கிலத்தையெல்லாம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்சம் பெருமையோடுதான்.

அப்பா எதையும் வாசிக்கவில்லை. கேமராவைத் திருப்பி லென்ஸைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தார். ஜூம் பட்டனை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கண்ணாடி நகரவே இல்லையே பாப்பா. அப்புறம் எப்படி இது ஜூம்?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. திருப்பி அனுப்ப முயன்றேன். "பொருளில் குறை இல்லை" என்று பதில் வந்தது. ஒரு வகையில் அதுவும் உண்மைதான். குறை வாங்கியவளிடம் இருந்தது!

நண்பர்களே, ஜூம் இரண்டு வகை. ஒன்று ஆப்டிகல் ஜூம். லென்ஸுக்குள் கண்ணாடிகள் நகர்ந்து, தூரத்துப் பொருளின் பிம்பத்தையே பெரிதாக்கி சென்சார் மீது விழச் செய்யும். மற்றது டிஜிட்டல் ஜூம். அங்கே எதுவும் நகராது. எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி, ஊதிப் பெரிதாக்கிக் காட்டும். ஆல்பத்திலிருந்து கத்தரிக்கோலால் முகத்தை மட்டும் வெட்டினால் கிட்டத்தில் எடுத்த படம் ஆகிவிடுமா?

கணக்கு போட்டுப் பாருங்கள். 2 எக்ஸ் டிஜிட்டல் ஜூம் என்றால் நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி. மிஞ்சுவது கால் பங்கு. 4 எக்ஸ் என்றால் 16-ல் ஒரு பங்கு. 16 எக்ஸ் என்றால் 256-ல் ஒரு பங்கு! அந்த 48 மெகாபிக்ஸல் நிஜமாகவே இருந்தாலும், 256-ஆல் வகுத்தால் 2 லட்சம் பிக்ஸலுக்கும் கீழே. 4-க்கு 6 அளவுப் படத்தைத் தெளிவாகப் பிரிண்ட் போடச் சுமார் 22 லட்சம் பிக்ஸல் வேண்டும். முதலாம் ஆண்டுக் கணக்கே போதும் இதைக் கண்டுபிடிக்க. நான் மூன்றாம் ஆண்டு. போடவில்லை! பெட்டியில் அச்சடித்திருந்தால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம்மில் பலருக்கு இந்தப் பலவீனம் உண்டு. அச்சில் வந்த எழுத்தைக் கேள்வி கேட்கத் தயங்குகிறோம்.

சரி, ஆப்டிகல் ஜூமிலாவது எக்ஸ் அதிகம் இருந்தால் நல்லதா? அங்கேயும் ஒரு சூட்சுமம். அப்பாவின் பழைய ஜூம் லென்ஸ் 70 முதல் 210 மில்லிமீட்டர். 210-ஐ 70-ஆல் வகுத்தால் 3. ஆக அது 3 எக்ஸ். சின்ன டிஜிட்டல் கேமராக்களில் 26 முதல் 130 மில்லிமீட்டர் வரை போவது உண்டு. அது 5 எக்ஸ். எது தூரம் எட்டும்? 3 எக்ஸ்தான் எட்டும்! எக்ஸ் என்பது முடிவை ஆரம்பத்தால் வகுத்து வரும் விகிதம். எவ்வளவு தூரம் எட்டும் என்பதை அது சொல்லாது. 35 எம்.எம். பிலிம் கணக்கில் எத்தனை மில்லிமீட்டரில் தொடங்கி எத்தனையில் முடிகிறது என்று பாருங்கள். தொடக்கம் சிறியதாக இருப்பதும் முக்கியம். எங்கள் வீட்டு முன்னறை பத்துக்குப் பத்து. 50 மில்லிமீட்டரில் அங்கே குடும்பம் மொத்தமும் அடங்காது. பின்னால் நகர்ந்தால் சுவர்!

இதையெல்லாம் அப்பாதான் சொல்லித் தந்தார். நான் பாடம் எடுக்க நினைத்தேன், அவர் எடுத்தார்.

அதன் பிறகு என் தோழியின் மூன்றாவது கேள்விக்கு உட்கார்ந்து பதில் எழுதினோம். "எதுக்கு?" கல்யாண மண்டபத்தில் சம்பாதிக்கவா? அப்படியானால் பெரிய சென்சார் உள்ள பழைய டி.எஸ்.எல்.ஆரும் 18-55 லென்ஸும் போதும். அதுவும் வெறும் 3 எக்ஸ்தான்! ஆனால் அப்பாவுக்கு ஒரு பழைய ஆசை. வேட்டங்குடி கண்மாய்க்கு வரும் பறவைகளைப் படம் எடுக்க வேண்டும். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் ஊர்க்காரர்கள் அவர்கள். அங்கே நாம் கிட்டப் போய் நிற்பது நியாயமா? எட்டி நின்று எடுக்க நீண்ட லென்ஸ் வேண்டும்.

இன்னும் சில மாதப் பணம் சேர்த்து, 9,000 ரூபாய்க்குப் பழைய பானசோனிக் எப்.இசட்.200 ஒன்று வாங்கினோம். 2012-ல் வந்த மாடல். வெறும் 12 மெகாபிக்ஸல். ஏ4 அளவில் தெளிவான பிரிண்டுக்கு 9 மெகாபிக்ஸல் போதும். லென்ஸ் 25 முதல் 600 மில்லிமீட்டர், அதாவது 24 எக்ஸ், எல்லாம் ஆப்டிகல். கடைசி வரை எப் 2.8 நிற்கும். பல ஜூம் கேமராக்களில் தூரம் போகப் போக 6.5 அளவுக்குச் சுருங்கிவிடும். 3.3-லிருந்து 6.5-க்குப் போனாலே வெளிச்சம் கால் பங்குதான். இதையும் பெட்டியில் பொடி எழுத்தில்தான் போடுவார்கள்! கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரமும் உண்டு. வெயிலில் திரை தெரியாது என்பது ஒரு காரணம். கையை நீட்டிப் படம் எடுக்க அப்பாவுக்கு வராது என்பது இன்னொரு காரணம்.

குறை இல்லாமல் இல்லை. பிலிமின் ஒரு கட்டம் 36-க்கு 24 மில்லிமீட்டர். இந்தச் சென்சார் அதில் ஏறக்குறைய 30-ல் ஒரு பங்குதான். அதனால்தான் கையடக்க லென்ஸில் 600 எட்ட முடிகிறது. அதனாலேயே மங்கிய வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாக நிற்கிறது. ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டும். எல்லாம் ஒன்றிலேயே இருக்கிறது என்று யாராவது சொன்னால் உஷாராகிவிடுங்கள்.

"போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்பீர்கள். நியாயமான கேள்விதான். குரூப் போட்டோ, மாலை வெளிச்சம், வீடியோ இவற்றில் நல்ல போன் என் கேமராவை ஜெயித்துவிடும். ஒத்துக்கொள்கிறேன். விலை உயர்ந்த போன்களில் தொலைவுக்கென்று தனி லென்ஸே வருகிறது. ஆனால் நம் பட்ஜெட் போனில் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவது பெரும்பாலும் அதே கத்தரிக்கோல் வேலைதான். தூரத்துப் படம் வேண்டாம் என்றால் கேமரா வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு செமஸ்டருக்குப் புத்தகம் வாங்கலாம்!

பழைய கேமரா வாங்குகிறவர்களுக்கு மட்டும் சில வார்த்தைகள். ஜூமை முழுதும் நீட்டி மடக்குங்கள்; கரகரவென்று சத்தம் வந்தால் வேண்டாம். வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி வந்தால் உள்ளே தூசி. பேட்டரி உப்பியிருக்கிறதா பாருங்கள். 2006-க்கு முந்தைய மாடல் பலவற்றில் 2 ஜி.பி.க்கு மேல் கார்டு வேலை செய்யாது. எக்ஸ்.டி. கார்டு கேட்கும் கேமரா என்றால், அந்தக் கார்டை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. கார்டு கிடைக்காத கேமரா பொம்மைக்குச் சமம்!

ஒரு விஷயத்தில் அப்பாவோடு எனக்குச் சண்டை. இரண்டு மணி நேரம் கண்மாய்க் கரையில் நின்றார். எடுத்தது 11 படம். "கார்டுல ஆயிரம் படம் பிடிக்கும்ப்பா" என்றேன். "நாரை அத்தனை தடவை றெக்கையை விரிக்கணும்ல?" என்றார். நான் 300 எடுத்தேன். நல்லது என்று சொல்ல எனக்கு 4 தேறியது. அவருக்கு 7. ஆனாலும் என் கட்சியை நான் விடவில்லை. எந்த வேகம், எந்தத் துவாரம் என்று அவர் அந்தக் காலத்தில் நோட்டில் எழுதிவைப்பார். இன்றைக்குக் கேமராவே ஒவ்வொரு படத்தோடும் எழுதிவைக்கிறது. தப்பான 296 படத்தையும் திறந்து, ஏன் தப்பு என்று பார்த்தேன். பாதிக்கு மேல் கை ஆட்டம். 600-ல் எடுத்தால் 600-ல் ஒரு நொடியாவது வேகம் வேண்டும் என்ற பழைய விதி அப்போதுதான் மண்டையில் ஏறியது. பிலிமில் இந்தப் பாடத்துக்கு 8 ரோல் தீர்ந்திருக்கும்!

ஆனால் பிலிமிடம் டிஜிட்டல் கற்க வேண்டியதும் ஒன்று உண்டு. எங்கள் அப்பத்தா படம் வீட்டில் ஒன்றே ஒன்று. கூரை ஒழுகிய மழையில் அது கறை பிடித்துப் போனது. நெகட்டிவ் பத்திரமாக இருந்ததால் அப்பத்தா மறுபடி சுவரில் சிரிக்கிறார். என் அத்தை மகனின் போன் கிணற்றில் விழுந்தபோது இரண்டு வருடப் படங்கள் சேர்ந்தே போயின. ஆகவே படம் இரண்டு இடத்தில் இருக்கட்டும். வருடத்துக்குப் பத்துப் படமாவது பிரிண்ட் போடுங்கள்.

கடைசியாக, நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். பேரவைக்கென்று கேமரா வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, "இருப்பதிலேயே அதிக மெகாபிக்ஸல் வாங்குவோம்" என்று குரல் எழுந்தது. என் கருத்து இது: முதலில் "எதற்கு?" என்று ஒரு தாளில் எழுதுவோம். கலையரங்கின் கடைசி வரிசையிலிருந்து மேடையை எடுக்கவா, ஓட்டப்பந்தயத்தை எடுக்கவா, ஆய்வகத்தில் செய்த புராஜெக்டை எடுக்கவா? அதற்கு எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு வெளிச்சம் என்று பார்ப்போம். விலையைக் கடைசியில் கேட்போம். வாங்கும் நாளில் நம்மோடு கடைக்கு வர என் அப்பா தயார். ஆங்கிலம் நாம் வாசிப்போம். கண்ணாடி நகர்கிறதா என்று அவர் பார்ப்பார்.

படிப்பு நமக்குக் கணக்கைக் கொடுத்திருக்கிறது. அதைப் பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வராமல் கடைத்தெருவுக்கும் எடுத்துப் போவோம். நம் வீட்டில் படிக்காதவர்கள் என்று நாம் நினைப்பவர்களிடம், வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்போம். நான் பின்னால் கேட்டேன். 4,200 ரூபாய் போனது.

அந்த 16 எக்ஸ் கேமரா இப்போதும் பீரோவில்தான் இருக்கிறது, கே1000-க்குப் பக்கத்தில். யாராவது "எத்தனை மெகாபிக்ஸல்?" என்று கேட்டால் எடுத்துக் காட்டுகிறேன்!