அவசரகாலத்தில் நிற்காத வேலை யாருடையது?

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றினார். நள்ளிரவு 12 மணிக்கு நாடு பூட்டப்பட்டது. அன்றைய தினமே ஒன்றிய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில், எந்த அலுவலகம் மூடும், எது இயங்கும் என்று ஒரு பட்டியல் இருந்தது. உள்ளாட்சி அமைப்புகளைப் பற்றி அதில் இருந்தது சிறிய வரிதான். தூய்மைப் பணி, குடிநீர் போன்ற அத்தியாவசியப் பணிகளுக்குத் தேவையான ஊழியர்கள் மட்டும் வேலைக்கு வர வேண்டும்.

கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் அந்தச் சிறிய வரிக்குள் அடங்கியவர்கள் யார்? பெரும்பாலும் அருந்ததியர்கள். அரசாணையில் எங்கும் சாதி எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை.

நெருக்கடி வந்தாலும் அரசு நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்கு வல்லரசுகள் தனித் திட்டமே வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் அணுகுண்டுப் போர் வந்தால் நாடாளுமன்ற உறுப்பினர்களை ஒளித்துவைக்க மேற்கு வர்ஜீனியாவில் ஒரு சொகுசு விடுதிக்கு அடியில் பதுங்குகுழி கட்டி வைத்திருந்தார்கள். 1992இல் பத்திரிகைகள் அதை வெளிப்படுத்தும் வரை ஊருக்கே தெரியாது. அதிபர் செத்தால் அடுத்து யார், அவரும் செத்தால் யார் என்று வரிசையும் உண்டு. அவர்கள் கவலை நாற்காலியைப் பற்றியது. நாற்காலி தப்பித்தாலும் மறுநாள் காலை சாக்கடை அடைத்துக்கொள்ளும், குப்பை நாறும், பிணம் எரிக்கப்படக் காத்திருக்கும். அவற்றைப் பார்ப்பது யார் என்ற கேள்வி நம் ஊரில் எந்தத் திட்ட அறிக்கையிலும் வராது. அதற்கான ஆட்களைச் சாதி எப்போதோ ஒதுக்கி வைத்துவிட்டது.

அவசரநிலை என்றதும் தமிழ்நாட்டில் நாம் நினைப்பது 1975 ஜூன் 25ஐயும், 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்ட திமுக அரசையும், மிசா கைதிகளையும்தான். மறக்கக் கூடாத வரலாறுதான் அது. ஆனால் 2020இல் யாரும் அரசியல் சட்டத்தின் 352ஆவது பிரிவைத் தொடவே இல்லை. அந்தப் பிரிவின்படி அவசரநிலை அறிவித்தால் ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஏற்க வேண்டும். 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. உள்துறைச் செயலாளரின் ஓர் ஆணை போதும். கூடவே 1897ஆம் ஆண்டு கொள்ளைநோய்ச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது. (கோவைக்கும் பிளேக் புதிதல்ல. அதன் நினைவாக இன்றும் இங்கே பிளேக் மாரியம்மன் கோயில்கள் நிற்கின்றன.) ஆக, நம் தலைமுறையின் அவசரநிலைச் சட்டம் பேரிடர் மேலாண்மைச் சட்டம்தான். அதைத்தான் நாம் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும்.

2004 சுனாமிக்கு மறு ஆண்டு வந்த சட்டம் அது. சுனாமியின்போது நாகப்பட்டினம் பகுதி நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டார்கள், தண்ணீரும் உணவும் மறுக்கப்பட்டன என்று மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தின. சட்டத்தின் 61ஆவது பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மத அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். குற்றங்களும் தண்டனைகளும் 51 முதல் 60 வரையான பிரிவுகளில் உள்ளன. அதிகாரியின் உத்தரவை மதிக்காதவருக்கு ஓராண்டு, அதனால் உயிர்ச்சேதம் நேர்ந்தால் இரண்டாண்டு சிறை. பொய்யாக நிவாரணம் கோரினால் இரண்டாண்டு. வதந்தி பரப்பினால் ஓராண்டு. இந்த அத்தியாயம் முடிந்த பிறகு, 'இதர' விதிகளில் முதலாவதாக வருகிறது 61. சாதி பார்த்தவருக்கு இந்தச் சட்டத்தில் தனித் தண்டனை கிடையாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்று சில தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அங்கே குற்றம் செய்த ஆளைக் காட்ட வேண்டும். நிவாரணத்தில் சாதி ஓர் ஆளின் வாயிலிருந்து வசவாக வருவதைவிட, பட்டியலில் விடுபட்ட பெயராகவும், காலனிக்குக் கடைசியாக வரும் தண்ணீர் லாரியாகவும், ஆதிக்கச் சாதித் தெருவின் நடுவே அமைக்கப்பட்ட முகாமாகவும்தான் வரும். எஃப்.ஐ.ஆரில் யார் பெயரை எழுதுவது?

இதே சட்டத்தின் 2ஆவது பிரிவு பேரிடர் என்றால் என்ன என்று வரையறுக்கிறது. இயற்கையால் வருவது மட்டுமல்ல, மனிதரால் வருவதும், விபத்தால் வருவதும், அலட்சியத்தால் வருவதும் அதில் அடங்கும். 2019 டிசம்பர் 2 அதிகாலை மேட்டுப்பாளையம் நடூரில், ஒரு வசதியான வீட்டின் உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் ஆதிதிராவிடர் குடியிருப்பின் மீது சரிந்து 17 பேர் செத்தார்கள். அந்தச் சுவர் ஆபத்தானது என்று அந்த மக்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆபத்தான இடங்களைக் கண்டறிந்து முன்கூட்டியே தடுப்பது மாவட்டப் பேரிடர் ஆணையத்தின் கடமை என்று 30ஆவது பிரிவு சொல்கிறது. அந்தக் கடமை நடூருக்கு வந்து சேரவில்லை. போலீஸ் வந்து சேர்ந்தது. சுவருக்குச் சொந்தக்காரரைக் கைது செய் என்று மருத்துவமனை முன்பு திரண்டவர்கள் மீது தடியடி நடந்தது. தமிழ்ப் புலிகள் கட்சித் தலைவர் நாகை திருவள்ளுவன் உள்ளிட்டோர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். நாலு மாதம் கூட ஆகவில்லை, அதே மாவட்டத்தில் அதே சட்டம் ஊரடங்காக முழு வேகத்தில் ஓடியது. அந்தச் சட்டத்துக்குக் கைகால் இல்லாமல் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நிவாரணம் ஒரு பக்கம். வேலை இன்னொரு பக்கம், அதைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம்.

அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. அதன் இரண்டாவது உட்பிரிவு ஒரு விலக்கு தருகிறது: பொது நோக்கத்துக்காக அரசு கட்டாயப் பணியை விதிக்கலாம். ஆனால் அப்படி விதிக்கும்போது மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்துப் பாகுபாடு செய்யக் கூடாது. பேரிடரில் யாராவது அந்த வேலையைச் செய்துதானே ஆக வேண்டும் என்பார்கள். ஆம், செய்துதான் ஆக வேண்டும். எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் எடுங்கள், எந்திரம் கொடுங்கள், நிரந்தரப் பணியாக்குங்கள், பிறகு அத்தியாவசியம் என்று சொல்லுங்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே சாதியைக் குப்பையில் நிறுத்திவிட்டு, அந்த வேலையை நிறுத்தினால் குற்றம் என்று சட்டம் போட்டால், அது நடைமுறையில் அந்தச் சாதிக்கு மட்டும் போட்ட சட்டம்.

1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் தொழில் தகராறு மசோதா வந்தபோது அம்பேத்கர் இதைத்தான் வாதிட்டார். வேலைநிறுத்தம் என்பது தன் உழைப்பின் மீது ஒருவருக்குள்ள சுதந்திரம், அதைக் குற்றமாக்கினால் மனிதரை அடிமையாக்குகிறீர்கள் என்றார். சட்டமன்றத்தோடு நிற்கவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 7 அன்று கம்யூனிஸ்ட்டுகளோடு சேர்ந்து பம்பாயில் ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்திக் காட்டினார்.

தமிழ்நாட்டுக்கு எஸ்மா தெரியும். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் அரசு ஊழியர்களை ஜெயலலிதா அரசு ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பியது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் அவர்கள் நிரந்தர ஊழியர்கள், சங்க பலம் உள்ளவர்கள். பெரும்பாலானோர் திரும்ப வேலையில் சேர்ந்தார்கள். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரை வீட்டுக்கு அனுப்ப எஸ்மாகூட வேண்டாம். மேஸ்திரி 'நாளைக்கு வராதே' என்றால் போதும்.

கொரோனா காலத்தில் இவர்களுக்கு மாலை போட்டார்கள், காலைக் கழுவிப் பூஜை செய்தார்கள். துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாறியதும் 2020இல்தான். பெயர் மாறியதில் நமக்கு மறுப்பில்லை. இரண்டே ஆண்டில், 2022 அக்டோபரில், கோவை மாநகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த 721 ரூபாய் தினக்கூலியைக் கொடு என்பதுதான் கோரிக்கை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தனியார்மயத்தை எதிர்த்து 13 நாள் போராடியவர்களைப் போலீஸ் நள்ளிரவில் அப்புறப்படுத்தியது. அவர்கள் இல்லாமல் நகரம் ஒரு நாளும் இயங்காது என்பது நெருக்கடியின்போது அரசுக்கு நன்றாகத் தெரிகிறது. சம்பளக் கணக்கில் மட்டும் அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள்.

இப்போது ஒரு புதுத் திருப்பம். பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்கு 2025இல் வந்த திருத்தம், மாநகராட்சி உள்ள நகரங்களுக்கு நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க வழி செய்கிறது. தலைவர் மாநகராட்சி ஆணையர். அதாவது, தூய்மைப் பணியை ஒப்பந்தத்துக்கு விடும் அதே அதிகாரிதான் நெருக்கடி நேரத்தில் உத்தரவிடும் தலைவரும். மாவட்ட அளவில் ஏற்கெனவே உள்ள ஆணையத்தில் ஆட்சியர், உள்ளாட்சிப் பிரதிநிதி, காவல் கண்காணிப்பாளர், தலைமை மருத்துவ அலுவலர் என்று ஏழு பேர் வரை இருக்கலாம். பட்டியல் சாதியிலிருந்து ஒருவர், தூய்மைப் பணியாளர்களிடமிருந்து ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை.

தோழர்கள் உடனே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் ஆண்டுதோறும் மறுபார்வை செய்து புதுப்பிக்கப்பட வேண்டும் என்கிறது 31ஆவது பிரிவு. அது பொது ஆவணம்தான். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என்று உங்கள் மாவட்டத் திட்டத்தை எடுங்கள், கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆபத்தான இடங்களின் பட்டியலில் ஓடைக்கரையிலும் பள்ளத்திலும் பெரிய சுவர்களின் அடியிலும் இருக்கும் நம் காலனிகள் எத்தனை வந்திருக்கின்றன என்று பாருங்கள். நிவாரண முகாம் எந்தத் தெருவில் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கடைசியாக, தூய்மைப் பணிக்கான ஆள்பலம் என்ற அட்டவணைக்குப் போங்கள். அதில் எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் ஒப்பந்தம் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையோடு அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே ஆட்சியர் அலுவலகக் குறைதீர்ப்பு நாளுக்குப் போங்கள்.