குறியீடும் பற்றுறுதியும்: நிசிம் எசெக்கியேல் கவிதைகளை முன்வைத்து ஒரு மறுப்பு

கவிதையில் சமயக் குறியீடு ஒன்று இடம்பெற்றால் அதனைக் கவிஞரின் சமயப் பற்றுக்குச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் தமிழ்த் திறனாய்வில் வேரூன்றியுள்ளது. 'கிறித்தவத் தமிழ்', 'இசுலாமியத் தமிழ்' என்னும் பகுப்புகள் நூற்பட்டியல் அமைக்கப் பயன்படலாம். கவிதையின் பொருளைத் தீர்மானிக்கும் அளவுகோல்களாக அவை மாறும்போது திறனாய்வு குடிக்கணக்கெடுப்பாகச் சுருங்கிவிடுகிறது. இவ்வழக்கத்தின் குறைபாட்டை உணர்த்த, ஆங்கிலத்தில் எழுதிய இந்திய யூதக் கவிஞர் நிசிம் எசெக்கியேலின் (1924–2004) படைப்புகள் தக்க சான்றாகும்.

எசெக்கியேல் மும்பையில் பெனே இசுரேல் சமூகத்தில் பிறந்தவர். கொங்கணக் கடற்கரையில் எண்ணெய் ஆட்டி வாழ்ந்து, ஓய்வுநாளான சனிக்கிழமையில் செக்கை நிறுத்தியமையால் 'சனிவார் தேலி' என அழைக்கப்பட்ட மராத்தி மொழியினர் இவர்கள். 1948இல் இசுரேல் நாடு தோன்றிய பின்னர் இவர்களுள் பெரும்பாலோர் அங்குக் குடியேறினர். அங்கோ, தலைமைக் குருமார் மன்றம் திருமணம் தொடர்பாக இவர்களின் யூதத்தன்மையை ஐயுற்றது. போராட்டங்களுக்குப் பின் 1964இல்தான் இவர்கள் முழுமையான யூதர்களாக ஏற்கப்பட்டனர். இந்தியாவிலேயே தங்கிவிட்ட எசெக்கியேல், பள்ளியில் யூதச் சிறுவனாகப் பிற சமயத்து மாணவரிடம் பட்ட துன்பத்தைத் தன்வரலாற்றுக் கவிதையொன்றில் பதிவு செய்துள்ளார். சென்றவரும் ஐயத்திற்கு ஆளாயினர், நின்றவரும் ஆளாயினர். இத்தகைய நிலையில் 'உமது பற்று எதன்பால்?' என்று கவிஞரை வினவுவது திறனாய்வு ஆகாது. அதே ஐயத்தின் தொடர்ச்சியே ஆகும்.

1982இல் வெளிவந்து 1983இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இவரது தொகுப்பு, திருவிவிலியத் திருப்பாடல்களுக்கு எதிர்மொழி கூறும் கவிதைகளைக் கொண்டது. இதனை யூத மரபுக்குத் திரும்பிய செயல் என்று மட்டும் கூறுவது பொருந்தாது. மரபின் மொழியில் நின்று மரபோடு வழக்காடுதலே அங்கு நிகழ்கிறது. தேள்கடி பற்றிய புகழ்பெற்ற கவிதையில் முற்பிறவி வினை பற்றிய ஊரார் நம்பிக்கையும் தந்தையின் பகுத்தறிவும் அருகருகே நிற்கின்றன. அவற்றுள் ஒன்றைக் கவிஞரின் 'உண்மை முகம்' எனப் பிரித்தெடுப்பவர் கவிதையைச் சிதைக்கின்றனர்.

இப்போக்கு எசெக்கியேலுக்கு மட்டும் உரியதன்று. நாசி ஆட்சியின் முகாமில் பெற்றோரை இழந்த பால் செலான், கொலையாளிகளின் மொழியாகிய செருமனியிலேயே எழுதினார். 1963இல் வெளிவந்த தொகுப்பில் 'திருப்பாடல்' என்றே தலைப்பிட்டு, எவருமற்ற வெறுமையை நோக்கித் துதி பாடினார். எசெக்கியேல் பிறந்த அதே 1924இல் செருமனியில் பிறந்து எபிரேயத்தில் எழுதிய யெகுதா அமிகாய், இறந்தோருக்கான வழிபாட்டு மொழியைக் கொண்டே இறைவனின் இரக்கத்தை வினவினார். இவர்களிடம் குறியீடு நம்பிக்கையின் முத்திரை அன்று. பிளவுபட்ட பற்றுகள் மோதும் களம்.

குறியீட்டின் மூலத்தை அறியாதவர் கவிதையை அறியார் என்பர். அஃது உண்மையே. திருப்பாடல்களை அறியாதவர்க்கு அவற்றை மறுக்கும் கவிதையும் விளங்காது. ஆயின் மூலம் அறிதல் ஆய்வின் தொடக்கமே, அதுவே தீர்ப்பாகிவிடாது.

தமிழ்ச் சூழலில் இவ்வளவுகோல் நடுநிலையோடும் இயங்குவதில்லை. பாரதியார் இயேசுவையும் அல்லாவையும் பாடியமை சமரசம் எனப் போற்றப்படுகிறது. வைணவராகப் பிறந்து கிறித்தவரான எச்.ஏ. கிருட்டிணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிக'த்தில் (1894) கம்பனின் நடையைக் கையாண்டால் மட்டும், அது பழைய பற்றின் எச்சமா, புதிய சமயப் பரப்புரையின் உத்தியா என்னும் விசாரணை எழுகிறது. பெரும்பான்மைக் கவிஞர்க்கு உரிமையாவது சிறுபான்மைக் கவிஞர்க்குக் குற்றமாவது எந்த நெறி?

பெங்களூரின் ஆடுகோடி போன்ற பகுதிகளில் இல்லத்தில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வாழும் தமிழர்க்கு இரு பற்றுகள் ஒரு நெஞ்சில் தங்கும் என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வாழ்க்கை ஏற்றுக்கொண்ட இவ்வுண்மையைத் திறனாய்வு மறுக்கலாகாது. தாம் இருக்கும் இடத்திலேயே நிலைத்திருத்தலைத் தம் உறுதிப்பாடுகளுள் ஒன்றாக எசெக்கியேல் அறிவித்தார். ஒன்று என்றாரேயன்றி ஒன்றே என்றாரல்லர். அவ்வேறுபாட்டைக் காணும் கண்ணே திறனாய்வுக்கு வேண்டுவது.