பாதைக்கு யார் பெயர் வைப்பது?

மலைமிதிவண்டிக்காரர்கள் ஒரு புதிய தடத்தை வெட்டி முடித்ததும் செய்யும் கடைசி வேலை அதற்குப் பெயர் வைப்பது. மண்வெட்டியும் கடப்பாரையுமாக மாதக்கணக்கில் சரிவைச் செதுக்கியவர்கள், மழைநீர் வடிய வாய்க்கால் விட்டவர்கள், வளைவுகளில் மண்ணை அணைத்துக் கரை கட்டியவர்கள், பெயர் என்று வரும்போது மட்டும் ஒரு மாலைநேரச் சிரிப்பில் காரியத்தை முடித்துவிடுகிறார்கள். விளையாட்டுக்காக வெட்டிய பாதைக்கு விளையாட்டாக ஒரு பெயர். இதில் இலக்கிய வாசகர்கள் கவலைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது என்றே நாங்கள் கருதுகிறோம். ஒரு மலையின்மீது புதிதாக எழுதப்படும் ஒற்றைச் சொல் அது. பலகையில் ஏறுகிறது, வரைபடத்தில் ஏறுகிறது, கைபேசிச் செயலிகளில் நிலைபெறுகிறது. விழுந்து காலை முறித்துக்கொண்ட ஒருவர் மீட்புக் குழுவினரிடம் தாம் கிடக்கும் இடத்தைச் சொல்ல அந்தச் சொல்லையே நாட வேண்டியிருக்கிறது. வைத்தவர்கள் ஊரைவிட்டுப் போன பிறகும் பெயர் அங்கேயே இருக்கிறது.

இந்த விளையாட்டின் தொடக்ககாலத் தடம் ஒன்றிலிருந்தே பேசத் தொடங்கலாம். கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில், ஃபேர்ஃபாக்ஸ் என்னும் சிற்றூருக்கு மேலே, தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய மண்சாலை ஒன்று உண்டு. ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவுக்குள் 1300 அடி கீழிறங்கும் சாலை. 1976ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய மிதிவண்டிகளில் அந்தச் சரிவில் முதல் பந்தயம் விட்டார்கள். மலைமிதிவண்டியின் முன்னோடிகளாகப் பின்னாளில் பேர்பெற்ற சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் ஆகியோர் அந்தப் பந்தயங்களோடு சேர்த்துப் பேசப்படுபவர்கள். அன்றைய வண்டிகளில் பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே பிரேக் இருந்தது. பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும். இறக்கம் நெடுக அழுத்திப் பிடித்ததில் ஹப் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். கீழே வந்து சேர்ந்ததும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைத்தாக வேண்டும். அப்படி மறுபடியும் அடைப்பதை ஆங்கிலத்தில் 'ரீபேக்' என்பார்கள். சரிவுக்கும் அதுவே பெயராயிற்று.

இந்தப் பெயரை அழகானது என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் சரிவின் கடுமை இருக்கிறது. வண்டியின் போதாமை இருக்கிறது. சவாரி முடிந்து மண்ணில் உட்கார்ந்து ஹப்பைக் கழற்றியவர்களின் கிரீஸ் படிந்த விரல்கள் இருக்கின்றன. அந்த பிரேக் மலைமிதிவண்டிகளிலிருந்து போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அது அங்கே இருந்தது என்பதைச் சரிவின் பெயர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

யூட்டா மாநிலத்தின் மோவாப் நகரருகே உள்ள 'ஸ்லிக்ராக்' தடத்தின் கதை இன்னும் சுவையானது. வழுக்குப்பாறை என்று அதைத் தமிழாக்கலாம். 1969இல் மோட்டார் சைக்கிள்களுக்காகக் குறிக்கப்பட்டுப் பின்னர் மிதிவண்டிக்காரர்களின் யாத்திரைத் தலமாகவே ஆகிவிட்ட தடம் அது. அங்கே முதன்முறையாகப் போகிறவர்கள் வியக்கும் விஷயம், பாறை வழுக்குவதே இல்லை என்பதுதான். அந்த மணற்பாறை ரப்பர் டயரை அப்படிப் பற்றிக்கொள்கிறது. அப்படியானால் பெயர் பொய்யா என்றால், இல்லை. முன்னர் அவ்வழியே வந்த குடியேறிகளின் குதிரைகளுக்கு இரும்பு லாடம் அடித்திருந்தது. லாடத்துக்கு அது வழுக்கும் பாறை. இன்றைய சக்கரத்துக்குப் பொருந்தாத அந்தப் பெயர், தனக்கு முன்னால் அங்கே நடந்த கால்களுக்கு உண்மையாக இருக்கிறது. மாற்றித் திருத்தாமல் விட்டது நல்லதாயிற்று.

இவ்விரண்டு பெயர்களையும் யாரும் கூடி உட்கார்ந்து யோசித்துச் சூட்டவில்லை. நிலமும் உழைப்பும் சேர்ந்து கொடுத்தவை அவை. இவற்றின் பக்கத்தில் இன்று வழக்கமாகிவிட்ட தடப்பெயர்களை வைத்துப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. நண்பர்கள் நால்வருக்கு மட்டும் விளங்கும் கேலி, அந்த ஆண்டு ஓடிய திரைப்படத்தின் வசனம், பெண்ணுடலைக் குறித்த இரட்டை அர்த்தம் என்று போகின்றன அவை. நகைச்சுவைக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். ஆனால் நால்வரின் சிரிப்பு அடங்கிய பிறகு, மகளை அழைத்துக்கொண்டு வரும் ஒரு தாய் அந்தப் பலகையின் முன் நின்று அதை வாசித்தாக வேண்டும். அவள் வாசிக்கும்போது அது வேடிக்கையாக இராது. இந்த இடம் யாருக்காக வெட்டப்பட்டது என்பதற்கான அறிவிப்பாகவே இருக்கும்.

இது அளவுக்கு மீறிய கவலை என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் அண்மைக்கால அனுபவம் ஒன்றைச் சுட்ட விரும்புகிறோம். 'ஸ்குவா' என்னும் சொல் பூர்வகுடிப் பெண்களை இழித்துரைக்கும் சொல் என்று, அந்நாட்டின் முதல் பூர்வகுடி அமைச்சரான டெப் ஹாலண்ட் 2021 நவம்பரில் ஆணை பிறப்பித்தார். கூட்டாட்சி அரசின் பொறுப்பிலுள்ள குன்றுகள், ஓடைகள், பள்ளத்தாக்குகள் என்று அச்சொல்லைத் தாங்கி நின்ற ஏறத்தாழ 650 இடங்களுக்கு 2022 செப்டம்பரில் மாற்றுப் பெயர்கள் முடிவாயின. அப்பெயர்களை வைத்தவர்களில் பலர் வேண்டுமென்றே ஒருவரைப் புண்படுத்த நினைத்திருக்க மாட்டார்கள். அன்றாடம் வாயில் புழங்கிய சொல்லை எடுத்து நிலத்தின்மேல் ஒட்டினார்கள், அவ்வளவே. அதைப் பிய்த்தெடுக்கப் பல தலைமுறைகள் பிடித்தன.

அப்படியானால் மண்ணின் மைந்தர்களுடைய மொழியில் பெயர் வைத்துவிட்டால் போதுமா? அதுவும் அத்தனை எளிதல்ல. ரீபேக் சரிவு இருக்கும் அதே மரின் வட்டாரத்தில்தான் டாமல்பயஸ் மலை இருக்கிறது. கடற்கரை மிவோக் மக்களின் மொழியிலிருந்து வந்த அப்பெயருக்கு மேற்கு மலை என்று பொருள் கொள்கிறார்கள். திசையைச் சொல்லும், வேலைக்கு உதவும் ஒரு பெயர். ஆனால் ஊராரும் சுற்றுலாக்காரர்களும் விரும்பிச் சொல்வது, மலையின் வடிவில் துயில்கொண்டிருக்கும் ஓர் இளம்பெண்ணின் கதை. தொன்மையான பூர்வகுடிக் கதைபோல் உலவும் அதைப் பரப்பியதில் பெரும்பங்கு, 1921இல் அம்மலையிலேயே மேடையேறிய 'டமால்பா' என்னும் நாடகத்துக்கு உண்டு. எழுதியவர் டான் டோதரோ என்ற வெள்ளையர். இரவல் வாங்கிய தொன்மம் உண்மையான பெயரைவிடக் காதுக்கு இனிமையாக இருந்துவிடுகிறது. ஆபத்தும் அங்கேதான்.

வேல்ஸ் நாட்டின் கோய்ட் அ பிரெனின் காடு இச்சிக்கலை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. பிரித்தானியாவில் மலைமிதிவண்டிக்கென்றே திட்டமிட்டுத் தடங்கள் அமைத்தது முதலில் அங்கேதான், 1990களில். காட்டின் பெயர் சுத்தமான வெல்ஷ். அரசனின் காடு என்று பொருள். எந்த அரசன்? பழைய வெல்ஷ் சிற்றரசன் எவனோ என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். நன்னாய் பண்ணையின் வான் குடும்பத்தாரிடமிருந்து வனத்துறைக்கு வந்து, வான் காடு என்றே வழங்கிய அந்த இடம், 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ஆட்சி வெள்ளிவிழாவுக்காக இப்பெயரைப் பெற்றது. மொழி உள்ளூரது, நினைவு லண்டனது. அதே காட்டில் ஆரம்பத்தில் அமைந்த தடம் ஒன்று 'ரெட் புல்' என்று ஒரு பானத்தின் பெயரால் வழங்கிப் பின்னர் 'தாரு' ஆயிற்று. வெல்ஷ் மொழியில் தாரு என்றால் காளை. பானத்தின் நிறம் போய், மலைநாட்டில் மேய்ந்து திரியும் விலங்கு மட்டும் மிஞ்சியது. மொழிபெயர்ப்பு சில சமயம் தற்செயலாகவும் நன்மை செய்துவிடுகிறது. ஆனாலும் தற்செயலை நம்பிப் பெயர் வைக்க முடியாது.

அக்காடு அடங்கியிருக்கும் ஸ்னோடோனியா தேசியப் பூங்காவின் நிர்வாகம், 2022 நவம்பரில், ஆங்கிலத்தில் எழுதும்போதும் எரரி என்னும் வெல்ஷ் பெயரையே முதன்மையாக ஆள்வதென்று முடிவெடுத்தது. ஸ்னோடன் சிகரம் அர் வித்வா ஆயிற்று. ஆங்கிலப் பெயரின் வேர்ப்பொருள் பனிக்குன்று. வெல்ஷ் பெயரின் பொருள் சமாதி மேடு. ரிட்டா என்னும் அரக்கன் அதன் அடியில் புதைந்திருப்பதாகக் கதை. தொலைவிலிருந்து பார்த்தவன் பனியைக் கண்டான். அடிவாரத்தில் வாழ்ந்தவன் கதையைச் சொன்னான். அப்போது எழுந்த மறுப்புகளில் முக்கியமானது, வெளியூர்க்காரர்களால் உச்சரிக்க முடியாது என்பது. அதை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. உதவி கேட்கும் நேரத்தில் நாக்குச் சிக்குவது சிறிய விஷயமல்ல. ஆனால் கற்றுக்கொள்ள முடியாத பெயர் என்று ஒன்று கிடையாது. அன்னியர் நாவுக்கு வசதியாகத் தேய்க்கப்பட்ட ஊர்ப்பெயர்களோடு வாழ்ந்து பழகிய தமிழர்களுக்கு இதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. வெல்ஷ் பெயர்களில் வரும் 'கூம்' பள்ளத்தாக்கு, 'நன்ட்' ஓடை. நம் ஊர்ப்பெயர்களில் வரும் பள்ளம், மேடு, ஓடை, பாறை போல அவையும் வழி சொல்லும் சொற்கள். அவற்றைக் கற்றவன் நிலத்தின் ஒரு பகுதியையும் கற்றுவிடுகிறான்.

எங்களுக்கு எதிராக வைக்கத்தக்க வலுவான வாதம் வேறொன்று. தடம் வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் கூலி வாங்காத தன்னார்வலர்கள். விடுமுறை நாள்களை மண்ணில் கழித்தவர்களுக்குக் கிடைக்கும் ஒரே சன்மானம் பெயர் வைக்கும் உரிமை; அதையும் ஊர்க்கூட்டத்தில் வைத்து விவாதிக்கச் சொல்வது நியாயமா? வெட்டியவர்களுக்கு உரிமை உண்டு. வெட்டாத குழு அறையில் உட்கார்ந்து விளம்பரப் பலகைக்கேற்ற பெயரைத் தேடுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அவர்கள் வெட்டியது தடத்தை, மலையை அல்ல. ஏற்கெனவே எழுதியிருக்கும் ஏட்டில் ஒரு வரி சேர்ப்பவனுக்கு, மேலே உள்ள வரிகளை வாசித்துவிட்டு எழுதும் கடமை உண்டு.

ஆகவே எங்கள் கோரிக்கை மிகவும் எளியது. பெயர் வைக்குமுன், அந்தச் சரிவில் ஆடு மேய்ப்பவரிடமும் விறகு பொறுக்குபவரிடமும் பழைய வனக்காவலரிடமும் அதற்கு என்ன பெயர் என்று கேளுங்கள். இருந்தால் அதையே, அவர்களின் சம்மதத்தோடு, பலகையில் எழுதுங்கள். இல்லையென்றால் தடத்தை ஒரு மழைக்காலம் பெயரில்லாமல் விட்டுவையுங்கள். எங்கே நீர் தேங்குகிறது, எந்த வேர் சக்கரத்தைத் தட்டிவிடுகிறது, எந்த வளைவில் எல்லோரும் மூச்சு வாங்க நிற்கிறார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும். ஓட்டுகிறவர்கள் வாயிலேயே ஒரு சொல் புழங்கத் தொடங்கியிருக்கும். அந்தச் சொல்லை மூச்சிரைக்கத் தொலைபேசியில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்குப் பக்கத்துத் தடத்தோடு குழப்பமில்லாமல் விளங்குமா என்று பாருங்கள். அந்தப் பலகையின் கீழ் யார் நின்றாலும் கூசாமல் அதை உரக்க வாசிக்க முடியுமா என்றும் பாருங்கள். முடியும் என்றால் எழுதுங்கள்.