இருட்டு என்றால் துக்கமா?

தனியாக ஓர் ஆள், சுற்றிலும் கறுப்பு. இப்படி ஒரு படத்தைக் கண்டதும் ‘பாவம், என்ன கஷ்டமோ’ என்று சொல்லிவிடுகிறோம். இருட்டு துக்கம், வெளிச்சம் நம்பிக்கை என்பது நமக்குள் அப்படி ஊறிப்போயிருக்கிறது.

இந்தக் கணக்குக்கு அடங்காத படம் ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா 1882-83இல் தன் அம்மாவை வரைந்தது. புள்ளி புள்ளியாக வண்ணம் வைத்துத் தீட்டிய ஓவியங்களால் பின்னாளில் பெயர் பெற்றவர். அம்மாவை வரைந்தபோது அவருக்கு இருபதைக் கொஞ்சம் தாண்டிய வயது.

அம்மா தலைகுனிந்து பூத்தையல் போடுகிறார். அவ்வளவுதான் படம். உருவத்தைச் சுற்றிக் கோடு கிடையாது. அறையில் வேறெதுவும் துலங்காது. நெற்றியிலும் கைகளிலும் வெளிச்சம்.

அந்த வெளிச்சத்தை சூரா தீட்டவில்லை. கான்டே என்கிற கறுப்புக் குச்சியை, சொரசொரப்பான மிஷாலே தாளில் தேய்த்தார். தாளின் மேடுகளில் கறுப்பு பிடித்தது. பள்ளங்கள் வெள்ளையாகவே நின்றன. அழுத்தித் தேய்த்த இடம் இருட்டானது, கை லேசாகப் பட்ட இடம் ஒளியானது. அந்த ஒளி தாளின் சொந்த வெள்ளை. இருட்டுக்குள்ளும் அது பொடிப்பொடியாக மிஞ்சியிருக்கிறது.

இப்போது அந்தத் தனிமையைப் பாருங்கள். எல்லோரும் கைவிட்டுப் போன தனிமையா அது? வேலையில் மனம் ஒன்றியவருக்குச் சுற்றுப்புறம் மறந்துபோகுமே, அந்த மறதியைத்தான் சூரா கறுப்பாக்கியிருக்கிறார். கருத்தெல்லாம் தையலில் இருப்பதால்தான் கைகளில் ஒளி. அம்மாவைத் தொந்தரவு செய்யக்கூடாது என்கிற மகனின் மரியாதையும் அதில் இருக்கிறது என்பேன்.

இதற்கு நேர்மாறான படமும் உண்டு. அதே 1882இல் ஓவியர் வான்கோ ஹேக் நகரில் ‘துயரம்’ என்ற படத்தை வரைந்தார். முகத்தைக் கைகளுக்குள் புதைத்து உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணிப் பெண். அவள் உடம்பு பெரும்பாலும் வெறும் வெள்ளைத் தாள்தான். அத்தனை வெளிச்சத்திலும் அவளுக்கு ஆறுதல் இல்லை. குனிந்த முதுகு ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளை கறுப்பைப் பூசி அதில் ஒற்றை ஆளை வரைந்தால், ‘ஏன் இவ்வளவு சோகம்’ என்று கேட்காதீர்கள். முதலில் அந்த ஆளின் முதுகையும் கைகளையும் பாருங்கள். வெளிச்சம் எங்கே விழுகிறது, ஏன் அங்கே விழுகிறது என்று கேளுங்கள். பதிலைப் பிள்ளையே சொல்லட்டும்.