பழைய மேசையின் மறுபிறவி



சென்ற மாதம் எங்கள் வீட்டிலே ஒரு சிறு சம்பவம் நிகழ்ந்தது. மகள் படிப்பதற்கென்று பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மேசை மழைநீர் பட்டு ஊதிப்போயிற்று. ஓரத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்ரிக் பட்டியும் கழன்று தொங்கியது. மரந்தானே, அடுப்புக்காவது உதவட்டும் என்று கருதி, அதன் கால் ஒன்றை உடைத்துக் கோடிப்புறத்து அடுப்பில் வைத்தேன். சிறிது நேரத்துள் எழுந்த புகை கண்ணைக் கரித்தது. மகள் இருமத் தொடங்கினாள். வேலியருகே நின்ற அயல்வீட்டுத் தச்சர், "மாஸ்ரர், அது வெறும் மரமில்லை. பட்டியோடை எரிக்காதேயுங்கோ!" என்று குரல் கொடுத்தார். இரசாயனம் படிப்பிக்கும் நான் வெட்கித் தலைகுனிந்தேன்.

தச்சர் கூறியது முற்றும் உண்மை. மரத்தைச் சிறு சீவல்களாக்கி, யூரியா போமல்டிகைட்டு போன்ற பசையோடு கலந்து, வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் இறுக்கிச் செய்வதே இத்தகைய பலகை. ஜேர்மனியப் பொறியியலாளரான மக்ஸ் ஹிம்மெல்ஹேபர் 1930 களில் இம்முறையை வகுத்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிறேமன் நகரில் இதற்கெனத் தொழிற்சாலையும் எழுந்தது. வீணே கழிந்த மரத்தூளையும் சீவலையும் பயன்படுத்துவதே அதன் முதல் நோக்கம். ஆகவே இப்பலகை பிறக்கும்போதே சிக்கனத்தின் குழந்தை எனலாம்.

அச்சிக்கனம் இன்று மேலும் ஒரு படி உயர்ந்துள்ளது. இத்தாலியின் வியடானாவைச் சேர்ந்த சவியோலா நிறுவனம், பாவித்துக் கழித்த மரத்தைக்கொண்டே பலகை செய்து பெயர் பெற்றது. உடைந்த கதவு, பொருட்பெட்டி, பழைய அலுமாரி யாவும் அங்கே மறுபிறவி எடுக்கின்றன. ஆயின் பழைய மரம் தனியே வருவதில்லை. ஆணி, கல், கண்ணாடி, அலுமினியம் ஆகியவற்றோடு பிளாஸ்ரிக்கும் சேர்ந்தே வருகின்றது.

பிளாஸ்ரிக் சிறிதளவு கலந்தால் என்ன கேடு என்று மாணவர் வினவக்கூடும். பலகையை அழுத்தும் இயந்திரத்தின் வெப்பநிலை ஏறக்குறைய 200 பாகை சென்ரிகிறேட். பொலிதீனோ அதைவிடக் குறைந்த வெப்பநிலையிலேயே உருகிவிடும். உருகியது அழுத்தும் தகட்டில் ஒட்டும். பலகையின் முகத்தில் வடுவை உண்டாக்கும். மேலும், மரச்சீவலைப் பிணைக்கும் பசை பொலிதீனைப் பற்றாது. அது கிடக்குமிடம் பலகையின் பலவீனமான இடமாகும். பி.வி.சி. என்னும் வகையோ குளோரீன் அடங்கியது. அதனை எரித்தால் ஐதரசன் குளோரைட்டு வாயு எழும். அது ஈரத்தோடு சேர்ந்தால் ஐதரோகுளோரிக்கமிலமாகும். மேசை ஓரங்களில் ஒட்டும் பட்டிகளுட் பல பி.வி.சி.யால் ஆனவை. என் மகளை இருமச் செய்தது எதுவென்று இப்போது விளங்குகிறதல்லவா?

இனிப் பிரிக்கும் முறையைக் காண்போம். முதலில் மரத்தை நொறுக்குவார்கள். இரும்பைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். அலுமினியம் காந்தத்திற்கு அகப்படாது. விரைந்து சுழலும் காந்த உருளையொன்று அதில் சுழிப்போட்ட மின்னைத் தூண்டி, அதனை அப்பால் எறியும். பின்னர், நம் பெண்கள் சுளகிலே பதரைப் புடைப்பது போலக் காற்றினால் புடைப்பார்கள். மெல்லிய பொலிதீன் தாள்கள் பறந்து போகும், கற்கள் வீழ்ந்துவிடும்.

ஆனால் தடித்த பிளாஸ்ரிக் துண்டொன்று மரச்சீவலின் பருமனும் நிறையும் கொண்டிருந்தால் காற்று ஏமாந்துபோகும். நீரிலிட்டுப் பிரிக்கலாமே என்றால், பி.வி.சி. அமிழும், பொலிதீனோ மரத்தைப் போலவே மிதக்கும். நனைந்த மரத்தை உலர்த்தும் செலவும் வந்து சேரும்.

இங்கேதான் ஒளி துணைக்கு வருகின்றது. விரைந்தோடும் பட்டிமீது சீவல்களைப் பரப்பி, கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக் கீழ்க்கதிரை அவற்றின்மேல் வீழ்த்துவார்கள். மரமும் பிளாஸ்ரிக்கும் வெவ்வேறு அலைநீளங்களை உறிஞ்சுகின்றன. திரும்பிவரும் கதிரைக் கருவி ஆராய்ந்து, பட்டியின் முடிவில் வேண்டாத துண்டைக் காற்றுத் தாரையால் ஊதித் தள்ளுகின்றது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைக் கதையிற் கேட்டோம். அதனைத் தொழிற்சாலையிற் காண்கிறோம். எனினும் இந்த அன்னத்திற்கும் ஒரு குறையுண்டு. காபன் கரியூட்டிய கறுப்புப் பிளாஸ்ரிக் கதிரை முழுதும் விழுங்கிவிடுவதால், கருவிக்கு அது புலப்படுவதில்லை.

ஆகவே சட்டமும் துணை நின்றது. ஜேர்மனியில் 2003 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பழைய மர ஒழுங்குவிதி, கழிமரத்தை நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. பி.வி.சி. பூச்சுள்ள மரம் மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தது. அப்பூச்சைப் பெரும்பாலும் நீக்கினாலன்றி அதனைப் பலகை செய்யப் பயன்படுத்தலாகாது. பலகைக்கான சீவலில் ஒரு கிலோகிராமுக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் குளோரீன் இருத்தலும் கூடாதென்று அவ்விதி வரையறுத்தது.

இத்தனை காந்தமும் காற்றும் கதிரும் செய்ய முயல்வதை, என் அயலவர் ஓர் உளியால் செய்து முடித்தார். ஊதிய பகுதியை அரிந்து நீக்கினார், பட்டியைச் சுரண்டியெடுத்தார், எஞ்சிய நல்ல பலகையால் மகளின் புத்தகங்களுக்கு ஒரு தட்டு அடித்துத் தந்தார். கூலி கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

கலந்தபின் பிரிப்பது பெருஞ்செலவு. கலக்குமுன் பிரிப்பது சிறுமுயற்சி. வாசகர்களே, பழைய தளபாடத்தை எறியுமுன் அதன் ஆணியையும் பட்டியையும் கழற்றி வையுங்கள். அடுப்பில் மட்டும் இடாதீர்கள். இவ்வறிவுரையைப் பிறருக்குக் கூறும் தகுதியை நான் ஒரு மாதத்திற்கு முன்னர்தான் பெற்றேன்.