பெட்டி தூக்க எதற்கு ஏ.எல்.?



கொஞ்சம் நீண்ட பதிவு. பெற்றோர்கள் நேரம் எடுத்து வாசியுங்கள்.

போன கிழமை ஒரு வாப்பா பாடசாலைக்கு வந்தார். மகன் உயர்தரம் முதலாம் வருடம். மகனின் விடுகைப் பத்திரம் வேண்டுமாம். "கட்டார்ல ஸ்டோர் ஒண்டுல வேலை சரிவந்திருக்கு சேர். மச்சான்தான் விசா எடுக்கிறார். பெட்டி தூக்குற வேலைக்கு என்னத்துக்கு ஏ.எல்.?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கடன் இருக்கிற மனிதர். "படிப்புத்தான் முக்கியம்" என்று வழமையாகச் சொல்வதையே நாங்களும் சொல்லி அனுப்பினோம். அது அவருடைய கேள்விக்குப் பதில் இல்லை என்பது எங்களுக்கே தெரியும்.

பெட்டி தூக்குகிற வேலைக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பார்க்க மிக நல்ல இடம் கார் தொழிற்சாலை. ஒரு காரில் சிறிய ஆணி வரை எண்ணினால் ஏறக்குறைய 30,000 பாகங்கள் என்று டொயோட்டா கம்பனி சொல்கிறது. ஒரு தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கார்கள் வெளியே வருகின்றன. அத்தனை பாகமும் சரியான நேரத்தில், சரியான ஆளின் கைக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். கார் செய்வதில் பாதிக் கஷ்டம் இந்தக் கொண்டுவந்து சேர்க்கிற வேலைதான்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு டொயோட்டாவிடம் பெரிய களஞ்சியம் கட்டிப் பொருளை அடுக்கிவைக்கப் பணமும் இல்லை, இடமும் இல்லை. அங்கே வேலை செய்த தாய்ச்சி ஓனோ என்பவர் அமெரிக்க சுப்பர்மார்க்கெட் நடக்கும் விதத்தைப் பார்த்து ஒரு முறையைக் கொண்டுவந்தார். வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கு மட்டும் தட்டை நிரப்புவதுதான் அந்த முறை. பாகங்கள் இருக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டை இருக்கும். பெட்டியை எடுத்தால் அட்டை திரும்பிப் போகும். அட்டை வந்தால்தான் அடுத்த பெட்டி வரும். அந்த அட்டைக்குப் பெயர் கன்பான். எங்கள் ஊர்ச் சில்லறைக் கடைக்காரர் சீனி மூடை முடியப்போகிறது என்றவுடன் துண்டு எழுதி அனுப்புவது போலத்தான். வித்தியாசம், அவர்கள் அதை ஒரு பாகம் விடாமல் எல்லாவற்றுக்கும் செய்தார்கள்.

பாகங்களின் வகை கூடக் கூட அட்டையில் இருந்த பார்கோட் போதாமல் போனது. ஒரு பார்கோட்டில் சுமார் 20 எழுத்துகள்தான் அடங்கும். ஒரே பெட்டியில் பல பார்கோட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணித் தொழிலாளர்கள் களைத்துப்போனார்கள். டொயோட்டாவுக்குப் பாகம் செய்யும் டென்ஸோ கம்பனியின் மசஹிரோ ஹாரா என்ற பொறியியலாளரும் அவருடைய சிறிய குழுவும் இதற்கு ஒரு வழி தேடினார்கள். 1994 இல் அவர்கள் வெளியிட்டதுதான் கியூ.ஆர். கோட். ஏறக்குறைய 7,000 இலக்கங்கள் அதில் அடங்கும். தொழிற்சாலையில் எண்ணெயும் அழுக்கும் படும் என்பதால், ஒரு பகுதி அழிந்தாலும் வாசிக்கக்கூடியதாகச் செய்தார்கள். காப்புரிமையை வைத்துக்கொண்டு காசு கேட்காமல் உலகத்துக்கே விட்டுக்கொடுத்தார்கள்.

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது நாம் எல்லோரும் போனில் காட்டினோமே, அதே சதுரம்தான். கார் பாகப் பெட்டியை எண்ணுவதற்காகப் பிறந்த ஒன்று, எங்கள் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு எத்தனை லீற்றர் என்று தீர்மானித்தது. "ஜப்பான்காரனின் தொழிற்சாலையில் நடப்பது எங்களுக்கு எதற்கு" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

இன்றைக்கு அந்த அட்டைகளில் பெரும்பகுதி கணினிக்குள் போய்விட்டது. பெட்டி வெறுமையான செய்தி நேரடியாகப் பாகம் செய்கிற கம்பனிக்குப் போகிறது. ஆசனம் செய்யும் கம்பனிக்கு, அடுத்து வரப்போவது வெள்ளைக் காரா கறுப்புக் காரா, துணி ஆசனமா தோல் ஆசனமா என்ற வரிசை முன்கூட்டியே போகிறது. அந்த வரிசையிலேயே ஆசனங்கள் லொறியில் ஏறி வருகின்றன. தொழிற்சாலைக்குள் பெட்டிகளைச் சாரதி இல்லாத வண்டிகள் இழுக்கின்றன. முன்பு தரையில் ஒட்டிய காந்தப் பட்டியைப் பிடித்துக்கொண்டு போன வண்டிகள், இப்போது லேசர் கொண்டு தாங்களே வழி பார்க்கின்றன. ஜேர்மனியில் பி.எம்.டபிள்யூ. கம்பனியின் டிங்கோல்ஃபிங் தொழிற்சாலையில், செய்து முடித்த புதிய கார் சாரதி இல்லாமல் தானாகவே அடுத்த பகுதிக்கு ஓடிப் போகிறது.

இதில் குறைந்த வேலைகள் எவை? தூக்குவது, தள்ளுவது, நடந்து போய் எடுத்து வருவது, எண்ணித் துண்டில் எழுதுவது. அந்த வாப்பா தன் மகனுக்குக் கிடைத்திருப்பதாகச் சொன்ன வேலை இதுதான். கார் தொழிற்சாலையில் வந்த ஸ்கேனரும் சாரதி இல்லாத வண்டியும் இப்போது வளைகுடாவில் பெரிய களஞ்சியங்களுக்கும் வந்துகொண்டிருக்கின்றன. இன்று அந்த வேலை இருக்கிறது. மகனுக்கு முப்பது வயதாகும்போதும் அப்படியே இருக்கும் என்று நம்பி அனுப்பக் கூடாது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் மெஷின் பார்த்துக்கொள்ளுமா? அதுவும் இல்லை. 2023 ஓகஸ்ட் 29 ஆம் திகதி ஜப்பானில் டொயோட்டாவின் 14 தொழிற்சாலைகளும் நின்றன. காரணம் பூமியதிர்ச்சி இல்லை, ஹேக்கர்களும் இல்லை. பாகங்களுக்கு ஓடர் கொடுக்கும் சேர்வர்களில் இடம் நிரம்பிவிட்டது. எங்கள் போனில் "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று வருமே, அது போல ஒன்று. அவசரத்துக்கென்று வைத்திருந்த மாற்றுச் சேர்வரும் அதே முறையில் ஓடியதால் அதுவும் கைகொடுக்கவில்லை. அதற்கு முந்திய வருடம், 2022 மார்ச் முதலாம் திகதி, பிளாஸ்டிக் பாகங்கள் கொடுக்கும் ஒரு கம்பனியின் கணினிகள் தாக்கப்பட்டதால் அதே 14 தொழிற்சாலைகளும் ஒரு நாள் மூடப்பட்டன. அந்த ஒரு நாளில் செய்யாமல் போன கார்கள் சுமார் 13,000.

டெஸ்லா கம்பனி பாகங்களை நகர்த்தச் சிக்கலான கன்வேயர் வலையமைப்பு ஒன்றைக் கட்டிப் பார்த்தது. அது சரிவரவில்லை, கழற்றிவிட்டார்கள். அளவுக்கு மீறி மெஷினை நம்பியது தன் பிழை என்றும் மனிதர்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்றும் 2018 இல் எலோன் மஸ்க்கே ஒப்புக்கொண்டார்.

இந்த நாட்களில் எல்லாம் தேவைப்பட்ட ஆள் யார்? கணினி சொல்லும் எண்ணிக்கையும் தட்டில் இருக்கும் எண்ணிக்கையும் ஏன் பொருந்தவில்லை என்று கண்டுபிடிப்பவர். நின்றுபோன வண்டியைத் திறந்து பார்த்துச் சென்சரைத் திருத்தத் தெரிந்தவர். என்ன பிழை என்று மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் நாலு வரி எழுதத் தெரிந்தவர். தூக்குகிறவரின் இடம் குறையக் குறைய இவருடைய தேவை கூடுகிறது. வாப்பாவின் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். பெட்டி தூக்க ஏ.எல். தேவையில்லை. அந்தப் பெட்டியைத் தூக்குகிற மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கத் தேவை.

இதைச் சொல்லும்போது மூன்று விடயங்களை மறைக்கக் கூடாது.

ஒன்று, வெளிநாட்டில் ஸ்டோர்களில் உழைக்கும் எங்கள் நானாமார், தம்பிமாரை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. இந்த ஊரில் எத்தனை வீடுகளுக்குக் கூரை போட்டது அந்த உழைப்பு. பாடசாலையின் தண்ணீர்த் தாங்கிகூட அவர்களுடைய காசுதான். இப்போது அங்கே இருப்பவர்கள், கையில் இருக்கும் ஸ்கேனருக்குப் பின்னால் ஓடும் கணினி முறையையும் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

இரண்டு, எல்லா வீட்டாலும் இரண்டு வருடம் பொறுக்க முடியாது. வட்டி ஏறிக்கொண்டிருக்கும் வீட்டில் "படியுங்கள்" என்று சொல்வது எங்களுக்கு இலேசு. அப்படிப்பட்ட பிள்ளைகளை அடையாளம் கண்டு உதவுவது பள்ளிவாசல் நிர்வாகமும் பழைய மாணவர்களும் செய்ய வேண்டிய வேலை. ஏ.எல். முடியாத பிள்ளை போவதாக இருந்தாலும் வெறுங்கையோடு போக வேண்டாம். மின்சாரம், மோட்டார் மெக்கானிசம், போர்க்லிப்ட் என்று தொழிற்பயிற்சி நிலையத்தில் ஏதாவது ஒரு சான்றிதழோடு போகட்டும்.

மூன்று, குற்றம் எங்களிலும் இருக்கிறது. 2013 இல் உயர்தரத்துக்குத் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. அதை "கெட்டிக்காரர்களுக்கு இடம் கிடைக்காவிட்டால் போகும் பிரிவு" என்று பிள்ளைகளிடம் பேசியவர்களில் ஆசிரியர்களான நாங்களும் இருக்கிறோம். கணிதத்தில் விகிதம் படிப்பிக்கும்போது பாஸ்பேப்பர் கணக்கைத்தான் செய்வித்தோம். ஒரு தொழிற்சாலைக்கு மணிக்கு எத்தனை பெட்டி போக வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஏன் படிக்க வேண்டும் என்று ஒரு வாப்பா வந்து கேட்டபோது பதில் வராததற்குக் காரணம் அதுதான்.

ஒரு சிறிய முயற்சி செய்யப்போகிறோம். வளைகுடாவிலோ ஜப்பானிலோ கொரியாவிலோ களஞ்சியங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் எங்கள் ஊர்ச் சகோதரர்களே, உயர்தரப் பிள்ளைகளோடு அரை மணித்தியாலம் வீடியோ கோலில் பேச முடியுமா? உங்கள் இடத்தில் ஐந்து வருடத்துக்கு முன்பு எத்தனை பேர் வேலை செய்தார்கள், இன்று எத்தனை பேர், யாருடைய சம்பளம் கூடியது என்று உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். விருப்பமானவர்கள் இன்பொக்ஸில் எழுதுங்கள்.

அந்த விடுகைப் பத்திரம் இன்னும் கையெழுத்தாகவில்லை. திங்கட்கிழமை வாப்பா திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறை மகனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம்.